வீட்டுச் சாவியும் ஓர் அமானத்தே

 

அல்லாஹுதஆலாவைப் புகழ்ந்தும், நமது உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் யாவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறியும் இந்தச் சில வார்த்தைகளைத் துவக்குகிறோம். நாம் பெரிய ஆலிமல்ல. சிறு வயதில் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், பிறகு கடையில் நின்று ஜனங்களோடு பழகிக் கற்றுக்கொண்டதுமே நமது கல்வி. ஆகையால் புதிய ஃபத்வா எதுவும் சொல்ல இங்கே வரவில்லை. ஆலிம்கள் சொல்லக் கேட்டதை, தினசரி நாம் காணும் ஒரு விஷயத்தோடு சேர்த்துப் பார்க்கவே விரும்புகிறோம். அந்த விஷயம், வீடு வாடகைக்கு விடுவது.

நமது ஜொகூரில், நம்மவர்களில் அநேகர் அல்லாஹ்வின் கிருபையால் தாம் குடியிருக்கும் வீட்டைத் தவிர இன்னொரு வீடோ, கடையின் மேல்மாடியோ வைத்திருக்கிறார்கள். 1924-ஆம் வருஷம் திறந்து வைக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் வழியாக, விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்களுக்கு வீடு வேண்டியிருக்கிறது. பாசிர் கூடாங் ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்கும், ஸ்கூடாய் பக்கம் படிக்க வரும் பிள்ளைகளுக்கும், நம் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஊரிலிருந்து வரும் தம்பிமார்களுக்கும் வீடு வேண்டியிருக்கிறது. ஆகவே வாடகைக்கு விடுவது நம்மில் பலருக்கு ரிஜ்கின் ஒரு வாசலாக ஆகிவிட்டது. அது ஹலாலான வாசல்தான். அந்த வாசலில் ஹராம் நுழையாமல் பார்த்துக்கொள்வது நமது பொறுப்பு.

இதில் சச்சரவு வருவதெல்லாம் பெரும்பாலும் இரண்டு நாட்களில்தான். ஒன்று குடி வரும் நாள். மற்றொன்று குடி போகும் நாள். நடுவில் உள்ள மாதங்கள் சும்மா ஓடிவிடுகின்றன. வரும் நாளில் எல்லோரும் சிரித்த முகத்தோடு இருப்பதால் எதையும் எழுதுவதில்லை. போகும் நாளில் முகம் மாறும்போது, பார்ப்பதற்கு எழுத்து ஒன்றுமில்லை.

எவ்வளவு பணம் இதில் அடங்கியிருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். மாதம் 1,000 வெள்ளி வாடகை என்றால், இந்நாட்டு வழக்கப்படி இரண்டு மாத முன்பணம் 2,000 வெள்ளி, தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம் 500 வெள்ளி, முதல் மாத வாடகை 1,000 வெள்ளி, ஆக 3,500 வெள்ளி கொடுத்தால்தான் சாவி கைக்கு வரும். 2025-ல் அரசாங்கம் வைத்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அப்படியானால் ஓர் ஏழைத் தொழிலாளியின் இரண்டு மாதக் கூலிக்கும் மேற்பட்ட தொகை நம் பெட்டியில் வந்து உட்காருகிறது. அதில் 2,500 வெள்ளி நம்முடையதல்ல. அது அவருடையது. நாம் காவல்காரர் மாத்திரமே.

நபியவர்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட இரவு

வீட்டைக் காலி செய்து போவதில் நமக்கு மிகப் பெரிய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. மக்கத்துக் காஃபிர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கொல்ல வீட்டைச் சூழ்ந்து நின்ற அந்த இரவில், அவர்கள் ஹிஜ்ரத்துப் புறப்பட்டார்கள். அதே ஊர் ஜனங்கள், பகைமை பாராட்டிக்கொண்டே, தங்கள் பணங்காசுகளை அவர்களிடத்தில்தான் அடைக்கலமாகக் கொடுத்து வைத்திருந்தார்கள். ஏனென்றால் "அல்அமீன்" என்று அவர்களுக்குப் பெயர் கொடுத்ததே அந்த ஊர்தான். நபியவர்கள் என்ன செய்தார்கள்? ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை மக்காவில் நிறுத்தி, அவரவர் பொருளை அவரவரிடம் ஒப்படைத்துவிட்டு வரும்படி சொன்னார்கள். அலீ (ரலி) அவர்களும் யாவற்றையும் கொடுத்து முடித்த பிறகே மதீனாவுக்கு நடந்தார்கள்.

சகோதரர்களே! உயிருக்கு ஆபத்தான வேளையில், கொல்ல வந்தவர்களின் பணத்தைக்கூட அவர்கள் கணக்குத் தீர்த்துக் கொடுத்தார்கள். நாமோ ஒரு வருஷம் நம் வீட்டில் குடியிருந்து, மாதந்தோறும் வாடகை கொடுத்து, பெருநாளுக்குப் பலகாரம் அனுப்பிய ஒருவருடைய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க, "அடுத்த மாதம் பார்ப்போம்" என்கிறோம். அமானத்துக்களை உரியவர்களிடம் சேர்க்க வேண்டுமென்று நிஸா அத்தியாயத்தில் இறைவன் கட்டளையிட்டிருப்பது, நம் கல்லாப்பெட்டியில் இருக்கும் முன்பணத்துக்கும் சேர்த்துத்தான்.

குடி வைக்கும் நாள்

குர்ஆன் ஷரீபில் மிகவும் நீளமான ஆயத்து எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதுமல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றி அல்பகரா அத்தியாயத்தில் வரும் ஆயத்து அது. சிறிய தொகையாயினும் பெரிய தொகையாயினும் எழுதச் சலிப்படையக் கூடாது, சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. "நம்மவர்தானே, எழுதுவது மரியாதைக் குறைவு" என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நம்மவர் என்பதால்தான் எழுத வேண்டும். அந்நியரோடு சண்டை வந்தால் பணத்தோடு போகும். நம்மவரோடு சண்டை வந்தால் உறவும் ஜமாஅத்தும் சேர்ந்து கெடும்.

தவணையைத் தெளிவாகப் பேசுவதற்கு மூஸா (அலை) அவர்களுடைய சரித்திரம் போதும். மத்யன் நகரத்துப் பெரியவர் அவர்களை வேலைக்கு அமர்த்தியபோது, எட்டு வருஷம் கட்டாயம், பத்தாக நிறைவு செய்வது அவர்களுடைய விருப்பம் என்று சொன்னதோடு, சிரமப்படுத்த நினைக்கவில்லை என்றும் கூறினார். காலம் தெளிவு, விருப்பத்துக்கு விட்டது தெளிவு, நோக்கமும் தெளிவு. நமது வாடகைச் சீட்டும் அப்படி இருக்க வேண்டும்.

இந்நாட்டில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டு வரப்போவதாகப் பல வருஷங்களாகப் பேச்சு நடந்து வந்திருக்கிறது. வீட்டுக்காரரையும் குடியிருப்பவரையும் இதுகாறும் தாங்கி வந்தது 1950-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமும், கையெழுத்திட்ட அந்தச் சீட்டுமே. மூன்று வருஷத்துக்கு மேற்படாத வாடகையானால் நில அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. ஆனால் ஸ்டாம்ப் ஒட்டத் தவறக்கூடாது. கையெழுத்திட்ட 30 நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டும். 2025 ஜனவரி முதல் வருஷ வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கும் எடுக்கப்பட்டுவிட்டது. ஒரு வருஷத்துக்கு உட்பட்ட ஒப்பந்தத்தில் வருஷ வாடகையின் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் ஒரு வெள்ளி. மாதம் 1,000 வெள்ளி வீட்டுக்கு அது 48 வெள்ளிதான். இந்த 48 வெள்ளியை மிச்சம் பிடித்தவர், நாளை கோர்ட்டில் அந்தச் சீட்டைக் காட்ட முடியாமல் நிற்பார்.

சீட்டோடு இன்னும் சில காரியங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாவி கொடுக்கும் அன்று இருவரும் சேர்ந்து ஒவ்வோர் அறையாக நடந்து பார்க்க வேண்டும். சுவரில் இருக்கும் வெடிப்பு, உடைந்த ஓடு, ஒழுகும் குழாய், ஓடாத விசிறி யாவற்றையும் எழுதி, கைத்தொலைபேசியில் படமும் எடுத்து, இருவரிடமும் ஒரு பிரதி இருக்கச் செய்ய வேண்டும். தெனாகா நேஷனல் மின்சார மீட்டரிலும், ரன்ஹில் எஸ்.ஏ.ஜே. தண்ணீர் மீட்டரிலும் அன்று நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கொடுத்த சாவிகள் எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். முன்பணத்துக்குத் தனி ரசீது கொடுக்க வேண்டும். அதை எந்தெந்தக் காரணத்துக்காகப் பிடிப்போம், எத்தனை நாளில் திருப்பிக் கொடுப்போம் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை இது. இந்த ஒரு மணி நேரம் பிற்பாடு ஒரு வருஷத்து மனக்கசப்பைத் தடுக்கும்.

இன்னொரு காரியமும் உண்டு. நம்மில் ஹனஃபிகளும் இருக்கிறார்கள், ஷாஃபியீகளும் இருக்கிறார்கள். வாடகை பேசிய இருவரில் ஒருவர் மவுத்தாகிவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடும் என்பது ஹனஃபி மத்ஹபு. வாரிசுகள் மேல் அது தொடரும் என்பது ஷாஃபியீ மத்ஹபு. தக்க உத்ரு ஏற்பட்டவர் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்பது ஹனஃபி. வீட்டிலேயே குறை இருந்தாலொழிய முறிக்க முடியாது என்பது ஷாஃபியீ. ஆகவே, வேலை போய்விட்டால் என்ன, பர்மிட் முடிந்தால் என்ன, மவுத்து நேர்ந்தால் என்ன என்பதைச் சீட்டு எழுதும்போதே பேசி வைத்துவிட்டால், பிற்பாடு ஆளுக்கொரு மத்ஹபைக் கையில் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டியிராது.

சாவி கொடுத்த பிறகு

சாவியைக் கொடுத்துவிட்ட பின், சுவரும் கூரையும் நம்முடையவை; அங்கே வாழும் உரிமை அவருடையது. நம்மிடம் மாற்றுச் சாவி இருப்பதால் நினைத்த நேரம் திறந்துகொண்டு நுழையக் கூடாது. பிறர் வீட்டில் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழைய வேண்டாமென்று நூர் அத்தியாயத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. சொந்தக்காரனுக்கு மாத்திரம் அதில் விலக்கு எழுதப்பட்டிருக்கவில்லை. பெண்பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதை நாம் மறக்கலாகாது.

பழுது பார்க்கும் பொறுப்பு யாருடையது என்று அடிக்கடி நம்மிடம் கேட்கிறார்கள். வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருப்பது வீட்டுக்காரர் மீது கடமை என்றும், குடியிருப்பவர் கையில் அந்த வீடு அமானத்து என்றும், அவருடைய அஜாக்கிரதையாலோ வரம்பு மீறலாலோ கெட்டதற்கு மாத்திரமே அவர் ஈடு கொடுக்க வேண்டுமென்றும் ஃபிக்ஹு கிதாபுகளில் நம் ஆலிம்கள் காட்டுகிறார்கள். கூரை ஒழுகினால் நாம் பார்க்க வேண்டும். அவர் வீட்டுக் குழந்தை கண்ணாடியை உடைத்தால் அவர் பார்க்க வேண்டும்.

மதீனாவில் நபியவர்கள் முதலில் தங்கியது ஹஜ்ரத் அபூ ஐயூப் அன்சாரி (ரலி) அவர்கள் வீட்டில். அது மாடி வீடு. நபியவர்கள் கீழே தங்கினார்கள். அபூ ஐயூப் தம்பதியர் மேலே இருந்தார்கள். ஒருநாள் மேலே தண்ணீர்ப் பானை உடைந்துவிட்டது. கீழே சொட்டிவிடுமே என்று பதறி, தங்களிடம் போர்த்திக்கொள்ள இருந்த ஒரே துணியால் அந்தத் தண்ணீரை இருவரும் துடைத்தெடுத்தார்கள் என்று சரித்திரத்தில் வருகிறது. இன்று அடுக்குமாடி வீடுகளில் மேல் வீட்டுத் தண்ணீர் கீழ் வீட்டில் ஒழுகுவதைப் பற்றி எத்தனை வழக்குகள்! கூரையில் ஒழுகினால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை மேல் வீட்டிலிருந்தே வருவதாகக் கொள்ளப்படும் என்று 2013-ஆம் வருஷத்து அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும் சொல்கிறது. மேல் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நாம், "குடியிருக்கிறவரைக் கேளுங்கள்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறோம். அபூ ஐயூப் (ரலி) அவர்களுடைய துணியை அப்போது நினைத்துக்கொள்வோமாக.

வாடகை பாக்கி விழுந்தால்

கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படியும், விட்டுக் கொடுப்பது இன்னும் மேலானதென்றும் அல்பகராவில் நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் போதனைக்கு நம் காலத்திலேயே ஒரு பரீட்சை வந்தது. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பாலம் அடைபட்டது. 2022 ஏப்ரல் 1-ல்தான் தரைவழி எல்லை முழுவதும் திறந்தது. அந்த இரண்டு வருஷங்களில் அந்தக் கரையில் சிக்கிய கணவன், இந்தக் கரையில் மனைவி மக்கள், கடையில்லை, கூலியில்லை. அப்போது பாதி வாடகை வாங்கியவர்களும் உண்டு. வாடகையே கேட்காதவர்களும் உண்டு. அவர்களுக்கு அல்லாஹ் பரக்கத்துச் செய்தான் என்றே நாம் பார்க்கிறோம். வாடகை வருமானத்தில் வங்கிக் கடன் கட்டியாக வேண்டிய வீட்டுக்காரரும் அந்நாளில் தவித்தார். அவர் கேட்டதைக் குற்றம் என்று சொல்வதற்கில்லை. சிரமப்படுகிறவர் யார், வசதியிருந்தும் ஏமாற்றுகிறவர் யார் என்று பிரித்தறிவதுதான் நம் கடமை. வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் நபிமொழியின் கருத்தே.

பாக்கியை வசூலிப்பதில் சிலர் கையாளும் வழி, பூட்டை மாற்றுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, சாமான்களைத் தெருவில் வைப்பது. இது மார்க்கத்துக்கும் ஆகாது, சட்டத்துக்கும் ஆகாது. வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டில் இருந்தால், கோர்ட்டு மூலமாகவே அவரை எழுப்ப வேண்டுமென்று 1950-ஆம் வருஷத்து குறித்த நிவாரணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. பாக்கிக்காகச் சாமான்களை ஜப்தி செய்யவும் 1951-ஆம் வருஷத்து ஜப்திச் சட்டப்படி கோர்ட்டின் வாரண்டு வேண்டும். அதுவும் பன்னிரண்டு மாத பாக்கிக்கு மேல் கேட்க முடியாது. சொல்லாமல் போய்விட்டவர் விட்டுச் சென்ற பெட்டி படுக்கை நமக்குச் சொந்தமாகிவிடாது. அதன் சொந்தக்காரர் யாரென்று தெரியும். ஆகவே சாட்சி வைத்து எழுதி, பத்திரப்படுத்தி, தகவல் அனுப்பி, பிறகு கோர்ட்டின் வழியில் போக வேண்டும். நாள் கடந்ததற்காகப் பாக்கியின் மேல் அபராதம் சேர்ப்பதில் ரிபாவின் வாடை வீசுவதால், சீட்டில் அப்படி எழுதும் முன் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நலம்.

சட்டம் மாத்திரம் நீதியைக் கொண்டுவந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு 1966-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையைக் கட்டி வைத்திருந்தது. அதனால் ஏழைகள் பலர் நகரத்தின் நடுவில் வாழ முடிந்தது. ஆனால் சொற்ப வாடகை வாங்கிய சொந்தக்காரர் பழுது பார்க்காமல் விட்டார். குடியிருந்த சிலர் உள்வாடகைக்கு விட்டு லாபம் எடுத்தார்கள். தேநீர்க் காசு என்ற பெயரில் மறைவாகப் பணம் கைமாறியது. 1997-ல் சட்டத்தை நீக்கி, 1999 டிசம்பர் கடைசி வரை தவணை கொடுத்தார்கள். 2000 பிறந்ததும் வாடகை ஏறி, பினாங்கு ஜார்ஜ் டவுனில் தலைமுறை தலைமுறையாய் இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. சட்டம் குடியிருப்பவர் பக்கம் இருந்தபோது சிலர் அதைத் துஷ்பிரயோகம் செய்தார்கள். சொந்தக்காரர் பக்கம் திரும்பியபோது வேறு சிலர் செய்தார்கள். இறைவனுக்கு அஞ்சும் மனசு இல்லாவிட்டால் எந்தச் சட்டமும் அரை வேலைதான் செய்யும்.

குடி போகும் நாள்

இனி முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். வீட்டைக் காலி செய்யும் நாளில் மறுபடியும் இருவரும் சேர்ந்து அறை அறையாகப் பார்க்க வேண்டும். வரும்போது எழுதிய தாளையும் படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். சுண்ணாம்பு மங்கியது, கதவுப் பிடி தேய்ந்தது, பாய் விரித்த இடத்தில் தரை நிறம் மாறியது, இவையெல்லாம் மனிதர் வாழ்ந்ததன் அடையாளங்கள். வாடகை வாங்கியதே இந்தத் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான். அதற்காக முன்பணத்தில் பிடிப்பது, ஒரே பொருளுக்கு இரண்டு விலை வாங்குவதாகும். அளவில் குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடு என்று சொல்லும் முதஃப்பிஃபீன் அத்தியாயத்தைக் கடைக்காரர்களாகிய நாம் தராசுக்கு மாத்திரம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். வாங்கும்போது நிறையவும் கொடுக்கும்போது குறையவும் அளக்கிற எவருக்கும் அது பொருந்தும்.

உண்மையான சேதம் இருந்தால் பிடிக்கலாம். ஆனால் பழுது பார்த்த ரசீதைக் காட்டிப் பிடிக்க வேண்டும். இருநூறு வெள்ளி வேலைக்கு ஐநூறு எழுதக் கூடாது. கடைசி மின்சார, தண்ணீர்ப் பில்லைக் கழித்து, மீதியை, சொன்ன நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். புதிதாக வருகிறவரிடம் வாங்கித்தான் பழையவருக்குக் கொடுப்பது என்ற வழக்கம் நம்மில் பரவியிருக்கிறது. அதன் பொருள், அமானத்தை நாம் தின்றுவிட்டோம் என்பதே.

நமது கடையிலேயே நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுத இருவர். ஒருவர் வீட்டில் மற்றவர் நான்கு வருஷம் குடியிருந்தார். போகும்போது சுவருக்குச் சாயம் அடிக்க வேண்டுமென்று சொல்லி முன்பணத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. "அந்தச் சுவர் நான் வந்தபோதே அப்படித்தான் இருந்தது, காக்கா" என்றார் அவர். "இல்லை" என்றார் இவர். தாளுமில்லை, படமுமில்லை. நம் கடை வாசலில் நின்று இருவரும் அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டார்கள். ஒரு சுவரின் சாயத்துக்காக! அதன் பிறகு அவர்கள் ஸலாம் சொல்லிக்கொள்ளவில்லை.

சில வருஷங்களுக்குப் பின் வீட்டுக்காரர் மவுத்தாகிவிட்டார். ஜனாஸாத் தொழுகைக்கு முன், நம் வழக்கப்படி, மய்யித்துக்கு யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசுகளிடம் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். பின் ஸஃப்பிலிருந்து அந்த மனிதர் முன்னே வந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கு வர வேண்டியது கொஞ்சம் இருந்தது. நான் ஹலாலாக்கிவிட்டேன்" என்றார். மகன் விடவில்லை. "எவ்வளவு, மாமு?" என்று கேட்டான். அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மகனுக்கும் தெரியவில்லை. தகப்பனாருடைய பெட்டியில் ஒரு சீட்டும் இல்லை. அந்தப் பிள்ளை அழுதுகொண்டே நின்றதை நாம் கண்ணால் பார்த்தோம். அவர் மன்னிக்காமல் ஊருக்குப் போயிருந்தால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்க் கணக்குக் கேட்பான்?

கடனுள்ள ஒருவருடைய ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, நபியவர்கள் தாம் தொழவைக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னதும், ஹஜ்ரத் அபூ கத்தாதா (ரலி) அவர்கள் அந்தச் சில தீனார்களுக்குப் பொறுப்பேற்ற பிறகே தொழவைத்ததும் நாம் கேட்டிருக்கிறோம். மஹ்ஷரில் மலை போன்ற தொழுகையோடும் நோன்போடும் வந்தும், பிறர் ஹக்கைத் தின்றதால் நன்மையெல்லாம் அவர்களுக்குப் பங்காகி, கடைசியில் வெறுங்கையோடு நிற்பவனே உண்மையான ஏழை என்ற நபிமொழியின் கருத்தையும் கேட்டிருக்கிறோம். வாடகை வருமானத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள், புறப்படுமுன் பழைய குடித்தனக்காரர்களின் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

குடியிருப்பவர்களுக்கு

வாடகைக்கு இருக்கும் சகோதரர்களே, இதுவரை சொன்னதைக் கேட்டு நீங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டு மாத்திரம் இருந்துவிட வேண்டாம். கணவனை இழந்து, ஒரே வீட்டு வாடகையில் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஆறு மாதம் இருந்து, இரவோடிரவாக ஓடி, மின்சாரப் பில்லையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போவது கொள்ளையே. "முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று கடைசி இரண்டு மாத வாடகையை நிறுத்துவதும், சீட்டில் இல்லாத பட்சத்தில், வாக்கு மீறுவதே. நால்வருக்கு என்று சொல்லி எடுத்து எண்மரைத் தங்க வைப்பதும், கேட்காமல் உள்வாடகைக்கு விடுவதும் அப்படியே. போகும்போது வீட்டைக் கூட்டிக் கழுவி, சாவிகளை எண்ணிக் கொடுத்து, அண்டை வீட்டாரிடம் பொருத்தம் கேட்டுக்கொண்டு போங்கள்.

யாரைக் குடி வைப்பது?

கடைசியாக ஒரு விஷயம். இந்நாட்டில் வாடகை விளம்பரங்களில் இன்ன இனத்தாருக்கு மாத்திரம் என்றும், இந்தியர் வேண்டாம் என்றும் எழுதுவதை நாம் பார்த்து மனம் நொந்திருக்கிறோம். படித்த பிள்ளை, கை நிறையச் சம்பளம், என்றாலும் பெயரைக் கேட்டதும் "வீடு போய்விட்டது" என்ற பதில் வருகிறது. இந்த வலியை அறிந்த நாம், நம் வீட்டைக் கேட்டு வரும் வங்காளதேசத்து மனிதரிடமும் வேறு இனத்துக் குடும்பத்திடமும் அதையே சொல்லலாமா? ஆளைப் பாருங்கள், அவர் வேலையைப் பாருங்கள், முன்பு குடியிருந்த வீட்டில் விசாரியுங்கள். பாஸ்போர்ட்டும் பர்மிட்டும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது சட்டப்படியும் நம் கடமை. செல்லாத ஆளைத் தங்க வைத்தால் குடிநுழைவுச் சட்டம் இடம் கொடுத்தவரையும் பிடிக்கும். ஆனால் தோலின் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தாதீர்கள்.

முதலாளிமார்களும் கேளுங்கள். கடையின் மேல்மாடியில் தொழிலாளர்களைத் தங்க வைப்பதற்கு 2020 ஜூன் முதல் தொழிலாளர் இலாகாவின் அத்தாட்சி வேண்டும். தனி விடுதியல்லாத வீடானால் தூங்குவதற்கு ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் இடமாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு பாயும் ஒரு பெட்டியும் வைக்கும் இடம் அது. அதைவிடக் குறைத்து, ஓர் அறையில் பத்துப் பேரை அடுக்கி வைத்துவிட்டு, கீழே கடையில் பரக்கத்தைத் தேடினால் அது எங்கிருந்து வரும்?

நிற்க. நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தமிழில் எளிய வாடகைச் சீட்டு, அறைகளின் நிலையை எழுதும் தாள், முன்பண ரசீது, இம்மூன்றையும் வக்கீல் ஒருவரிடமும் ஆலிம் ஒருவரிடமும் காட்டி அச்சடித்துச் சங்கத்தில் வைக்கலாம். சச்சரவு வந்தால் கோர்ட்டுக்குப் போகுமுன், இரு பக்கத்துக்கும் வேண்டிய இரண்டு பெரியவர்கள் வீட்டைப் போய்ப் பார்த்துப் பேசி முடிக்கலாம். அது வரை, இந்தப் பக்கத்தைப் படிக்கிற வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் இன்றிரவே ஒரு நோட்டை எடுத்து, தம்மிடமிருக்கும் முன்பணம் யாருடையது, எவ்வளவு என்று எழுதி, மனைவி மக்களிடம் காட்டி வைத்துவிடட்டும்.

இந்த துன்யாவில் நாம் எல்லோருமே குடித்தனக்காரர்கள்தாம். வீட்டின் உண்மையான சொந்தக்காரன் அவன். காலி செய்யும் நாளை அவன் முன்கூட்டி அறிவிப்பதில்லை. அந்த நாளில் பிறருடைய ஹக்கு நம் கையில் இல்லாதிருக்கவும், நம் கணக்கு லேசாக இருக்கவும், நம் வீடுகளிலும் வியாபாரங்களிலும் ஹலாலான பரக்கத்து இறங்கவும் வல்ல அல்லாஹ் நம் யாவருக்கும் கிருபை செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.